வரலாற்று ஆய்வாளர் பேசும்போது வினைமுற்றைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வரலாற்றில் ஆர்வம் அதிகம், ஆனால் அதை முறையாகப் படித்தவன் இல்லை. வரலாற்று ஆய்வாளர்களிடம் நேரடியாகப் பேசிக் கற்றுக்கொள்ள முடியுமா? புத்தகத்தில் கிடைக்காத எது அதில் கிடைக்கும்?

தாராளமாக முடியும். நானும் துறைக்கு வெளியே இருப்பவன்தான், கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பண்டைய இந்திய வரலாற்றில் ஆய்வு செய்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியையிடம் ஏழு வருடமாக மாதம் ஒரு முறையாவது பேசி வருகிறேன். வேறு துறை ஆய்வாளர்கள் இரண்டு மூன்று பேரிடமும் அவ்வப்போது பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

பேச்சில் கிடைப்பது, ஒரு விஷயம் எந்த அளவுக்கு உறுதியானது என்ற தெளிவு. இது எனக்கு ஒரு திட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது.

பழக ஆரம்பித்த புதிதில், பேசியதையெல்லாம் தட்டச்சு செய்து மேடத்துக்கு அனுப்பினேன். அதில் ஒரு வரி: "கலிங்கப் போருக்குப் பிறகு அசோகர் மனம் மாறினார்." அன்று மாலையே போன் வந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையேப்பா. மனம் வருந்தினதா அவரே சொல்லிக்கிறார்னுதானே சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

வார்த்தைக்கு வார்த்தை பிடிக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த சந்திப்பில், அசோகர் பாறைகளில் வெட்டவைத்த கட்டளைகளில் பதின்மூன்றாவதன் மொழிபெயர்ப்பை என் முன்னால் வைத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னார். முடிசூடிய எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றேன், ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதைப் போலப் பல மடங்கு மக்கள் மாண்டனர் என்கிறார் அசோகர். அதை எண்ணி வருந்துகிறேன் என்கிறார். சோழர், பாண்டியர் பெயர்கூட அதில் வருகிறது. ஆனால் இன்னும் கொஞ்சம் கீழே போனால், தன் ஆட்சிக்குள் இருக்கும் காட்டுவாழ் மக்களுக்கு ஒரு செய்தி: நான் வருந்துகிறேன் என்றாலும் என் கையில் பலம் இருக்கிறது, ஒழுங்காக இருந்தால் கொல்லப்பட மாட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த வரியை யாரும் சொன்னதில்லை. நான் இரண்டு தடவை படித்தேன். மேடம் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "சரி, இந்தக் கட்டளை எங்கெங்க கிடைச்சிருக்கு தெரியுமா?"

இன்றைய பாகிஸ்தானில் ஷாபாஸ்கர்ஹி, மான்சேரா. குஜராத்தில் கிர்னார். ஆந்திராவில் எர்ரகுடி. ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் இதன் தொடக்கப் பகுதி கிரேக்க மொழியிலேயே கிடைத்திருக்கிறது. போர் நடந்த கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகரின் கட்டளைத் தொகுப்பு பாறையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 11, 12, 13 ஆகிய மூன்று கட்டளைகள் மட்டும் அங்கே இல்லை. அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு கட்டளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. யார் பிணங்களின் கணக்கோ அவர்கள் கண்ணில் அந்தக் கணக்கு படவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன். மேடம் சொன்ன பதிலை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "தோத்தவங்க காயத்தைக் கிளற வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். இது என் ஊகம். அந்த மூணும் அங்கே இல்லைங்கிறது மட்டும்தான் பாறை சொல்றது."

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'இருந்தது', 'இருந்திருக்க வேண்டும்', 'இருந்திருக்கலாம்', 'இருந்ததாகச் சொல்கிறார்கள்' என்று உறுதியின் படிகள் வினையின் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நல்ல ஆய்வாளர் பேசும்போது இந்த வால்களை மாற்றிப் போடவே மாட்டார். அவர் வாயிலிருந்து வந்தது நாலு பேரின் கை மாறி நம் போனுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாமே 'இருந்தது' ஆகிவிடுகிறது. அதனால் குறிப்பெடுக்கும்போது பெயர், வருடம் தவறினாலும் பரவாயில்லை, பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். வினைமுற்றைத் தவறவிடாதீர்கள். அது போனால் திரும்பக் கிடைக்காது.

'அது எப்படித் தெரியும்?' என்று தயங்காமல் கேளுங்கள். சண்டைக்கு இழுப்பதுபோல் ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. உண்மையில் அவர்கள் முகம் மலர்வதே அந்தக் கேள்விக்குத்தான். 'அசோகர் என்ற பெயர் எப்படித் தெரியும்?' என்று நான் கேட்டதற்கு ஒரு மணி நேரம் பதில் வந்தது. ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப், கட்டளைகள் எழுதப்பட்ட பழைய பிராமி எழுத்தை 1837-ல் படித்து முடித்தபோது, கட்டளைகளில் இருந்தது 'தேவானாம்பிய பியதசி' என்ற பட்டம்தான். இது இலங்கை மன்னர் ஒருவராக இருக்கலாம் என்றுகூட அவர் முதலில் எண்ணினார். பியதசி என்பது அசோகரே என்று இலங்கையின் பாலி நூல்களிலிருந்து, அங்கே பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் டர்னர் எடுத்துக் காட்டினார். கல்லிலேயே 'அசோக' என்ற பெயரோடு ஒரு கட்டளை கிடைத்தது 1915-ல், இன்றைய கர்நாடகத்தின் மஸ்கியில். ஆக, இடையில் 78 வருடம் அந்த ஒரு வாக்கியத்தின் வால் 'இருக்க வேண்டும்' என்றுதான் நின்றது. அதன் பிறகுதான் 'ஆம், இவர்தான்'.

நவீன ஐரோப்பிய வரலாறு படித்த இன்னொருவரிடம், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது 1649 ஜனவரி 30 என்கின்றன புத்தகங்கள், அந்தக் காலத்து ஆவணத்திலோ 1648 ஜனவரி என்றிருக்கிறது, எது பிழை? "ரெண்டும் பிழையில்லை" என்றார். 1752-க்கு முன்பு வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரி அவர்களுக்கு முந்தைய வருடத்தின் கடைசிப் பக்கம். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் காலண்டரில் 1917 நவம்பர் 7-ல் வருவதும் இதே வகைச் சிக்கல்தான், அங்கே பழைய ஜூலியன் காலண்டர் 13 நாள் பின்தங்கியிருந்தது. நான் தனியாக இருந்திருந்தால் ஆவணத்தை எழுதியவர் தூங்கி வழிந்தார் என்று முடிவு கட்டியிருப்பேன்.

எப்படி அணுகுவது என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். 'சோழர்கள் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. கட்டுரையில் உங்களுக்குப் புரியாத ஒரு பத்தியைக் கேளுங்கள். பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி வாங்குங்கள். அன்றிரவே குறிப்பை எழுதி அவருக்கு அனுப்புங்கள், என்னைப் போல் திட்டு வாங்கினாலும் லாபம்தான். முக்கியமாக, 'இந்த விஷயத்தில் உங்களோடு உடன்படாதவர் யார், அவர் வாதம் என்ன?' என்று கேளுங்கள். எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துச் சொல்பவர் கிடைத்தால் அவரை விடவே விடாதீர்கள்.

நிபுணர் சொன்னால் வேதவாக்கு என்றும் ஆகிவிடாது. 1983 ஏப்ரலில் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சொல்லி ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஒரு கட்டு நோட்டுகளை வெளிக்கொண்டு வந்தது. பிரிட்டனின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் அவை உண்மையானவை என்றார். பின்பு அவருக்கே சந்தேகம் வந்தது. சில நாட்களில் ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் அவை போலி என்று அறிவித்தது. போருக்குப் பிந்தைய பொருட்கள் அந்த நோட்டுகளின் தாளிலும் பைண்டிங்கிலும் இருந்தன. அவரிடம் அறிவுக்குக் குறைவில்லை, 'இருக்கலாம்' என்று நிற்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டு 'இருக்கிறது' என்றுவிட்டார். அதனால்தான் ஒரு ஆவணத்தின் போட்டோவை நீட்டும்போது மேடம், "மூலத்தைப் பார்க்காம சொல்ல மாட்டேன்" என்று மறுத்தால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

தௌலியில் அந்த மூன்றுக்குப் பதிலாக இருக்கும் இரண்டு கட்டளைகளைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். 'எல்லா மனிதரும் என் பிள்ளைகள்' என்ற வரி அவற்றில்தான் வருகிறது. யாரையும் காரணமின்றிச் சிறையில் வைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு இருக்கிறது. பூச நட்சத்திரம் வரும் நாளில் இதை வாசிக்கக் கேட்க வேண்டும், ஒரே ஒருவர் இருந்தாலும் கேட்கலாம் என்றும் இருக்கிறது. அப்படி உட்கார்ந்து கேட்ட கலிங்கத்துக்காரருக்கு, கட்டளைகள் எழுதப்பட்ட பிராகிருத மொழி புரிந்ததா? அடுத்த முறை மேடத்திடம் கேட்க இதைத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.