மாம்பலத்து வீட்டில் ஃபாண்டூ

தம்பி, சுவிட்சர்லாந்தில் பெர்னுக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது, ஆபீஸ் நண்பர் வீட்டில் சாப்பிட்ட சீஸ் ஃபாண்டூ (சட்டியில் உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது) ரொம்பப் பிடித்துவிட்டது, டிசம்பர் லீவில் சென்னை போகும்போது சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் செய்து கொடுக்க வேண்டும், வீட்டில் சைவம், அதற்கான க்ரூயேர் சீஸை இங்கிருந்தே வாங்கிப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சீஸை இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள்.

காரணம் ரென்னட். க்ரூயேர் செய்யும்போது பாலை உறைய வைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததைத்தான் சேர்க்கிறார்கள். இங்கே வந்து நாலு வருஷம் எனக்கும் இது தெரியாது. அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது மூன்று வாரம் காலைச் சாப்பாட்டுக்கு அதைத்தான் ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்ன பிறகு சென்னைக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தெரியாம நடந்தது, விடு. இனிமே கேட்டுட்டுச் செய்" என்றார். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃபாண்டூவில் வழக்கமாக விடும் ஒயினும் அப்படித்தான். கொதித்தால் ஆல்கஹால் போய்விடும் என்பார்கள், முழுக்கப் போகாது. கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயத்தை வேறு கடைசியில் சேர்ப்பார்கள். இதெல்லாம் இல்லாவிட்டால் ஃபாண்டூவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்து ஃப்ரிபூர் பகுதியில் வாஷ்ரன் சீஸை வெறும் தண்ணீர் விட்டு உருக்கி உருளைக்கிழங்கோடு சாப்பிடும் வழக்கம் உண்டு. நம் வீட்டுக்கும் ஒயினுக்குப் பதில் தண்ணீர்தான் வழி.

சென்னையில் பச்சைப் புள்ளி போட்ட சீஸாகப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து பேருக்கு அரைக் கிலோ போதும். இங்கே ஆளுக்கு 200 கிராம் கணக்கு, ஆனால் நம் பெரியவர்களுக்கு அது தாங்காது. 350 கிராம் கௌடா அல்லது செடார், 150 கிராம் சாதாரண ப்ராசஸ்டு சீஸ். மொஸரெல்லா வேண்டாம், நூல் நூலாக இழுக்கும். ப்ராசஸ்டு சீஸைக் கேவலமாக நினைக்காதீர்கள். அது பிறந்ததே நீங்கள் ரயிலில் தாண்டிப் போகும் தூன் ஊரில்தான், 1911-ல். அதில் சேர்க்கும் சிட்ரேட் போன்ற உப்புகள்தான் கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்து வைக்கின்றன. ஒயினின் புளிப்பு செய்கிற வேலையை இங்கே அதுவும் எலுமிச்சையும் செய்யும்.

பாத்திரம் தேடி அலையாதீர்கள், அம்மாவின் கல்சட்டி இருக்கிறதே! உள்ளே பூண்டை நறுக்கித் தேய்த்து, ஒரு டம்ளர் தண்ணீரும் அரை எலுமிச்சம்பழச் சாறும் விட்டு, சிம்மில் சூடாக்குங்கள். துருவிய சீஸில் ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரைப் பிசறி, ஒவ்வொரு பிடியாகப் போட்டு, மரக்கரண்டியால் எட்டு போடுகிற மாதிரி கிண்டிக்கொண்டே இருங்கள். முதல் பிடி கரைந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் மிளகுத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய். அடுப்பை அணைத்த பிறகும் கல்சட்டியில் சாம்பார் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீஸ் அப்படிக் கொதித்தால் எண்ணெய் தனியாகக் கக்கிவிடும். அதனால் இன்னும் கொஞ்சம் கரைய வேண்டும் என்கிறபோதே அணைத்துவிடுங்கள். திரிந்தாலும் பயம் வேண்டாம், எலுமிச்சைச் சாற்றில் கார்ன்ஃப்ளோர் கரைத்து ஊற்றி வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும்.

தொட்டுக்கொள்ள மில்க் பிரெட் ஆகாது, இனிப்பு, அதோடு சட்டிக்குள்ளேயே கரைந்துவிடும். மொறுமொறு ஓடு உள்ள பிரெட்டை முதல் நாளே வாங்கி வையுங்கள். வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் இருந்தால் பெரியவர்கள் அதைத்தான் எடுப்பார்கள்.

இனி எச்சில் விஷயம். ஒரே சட்டியில் எல்லாரும் முள்கரண்டியை விட்டு எடுப்பதுதானே ஃபாண்டூ, எங்கள் மாம்பலத்து வீட்டில் பெரியம்மா அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். இங்கேயும் கரண்டி உதட்டில் படக்கூடாது என்பதுதான் மரியாதை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அம்மாதான் வழி சொன்னார்: கரண்டியால் தோய்த்துத் தட்டில் தள்ளிக்கொள், அப்புறம் கையால் எடுத்துச் சாப்பிடு. கரண்டி வாய்ப்பக்கமே போகாது. அதன் பிறகு பெரியம்மா ஏழு துண்டு சாப்பிட்டார், எண்ணினேன்.

குடிக்க வெந்நீரோ பால் இல்லாத டீயோ வையுங்கள். சாதத்தை மட்டும் குறைத்து வடிக்கச் சொல்லுங்கள், ரசம் போதும். சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் பிடித்திருக்கும், இங்கே அதை ரெலிஜியூஸ் என்று பேர் வைத்துப் பங்கு போடுவார்கள். சட்டி சூடாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள், ஆறினால் வராது.