டார்ம்ஷ்டாட்: சாபமும் வரலாறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்யாவின் கடைசி ஜார் குடும்பத்தைப் பற்றி வாசித்து, அரசி அலெக்ஸாந்திரா பிறந்த ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவ்வூரிலிருந்து ஆண்ட, அவருடைய ஹெஸ்ஸன் அரச குடும்பத்தில்தான் எத்தனை சாவுகள்! தாய், தங்கை, அண்ணன், பிறகு ஒரு விமான விபத்து. ‘சாபம் பிடித்த குடும்பம்’ என்கிறது ஒரு காணொளி. அந்த ஊரின் வரலாறே இதுதானா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சாவுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும். 1873இல் அலெக்ஸாந்திராவின் அண்ணன், சிறுவன் ஃப்ரெடரிக் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அவனுக்கிருந்த ரத்தம் உறையாத நோய் பாட்டி விக்டோரியா மகாராணியின் வழியில் வந்தது. அதே நோயைத்தான் அலெக்ஸாந்திரா தன் மகனுக்கும் அளித்தார். 1878இல் தாய் ஆலிஸையும் நான்கு வயது மேயையும் கொண்டுபோனது தொண்டை அடைப்பான். அதற்கு அன்று மருந்தில்லை. 1937 நவம்பரில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் அருகே மூடுபனியில் அரச குடும்பத்தினர் சென்ற விமானம் புகைபோக்கியில் மோதியது. இவற்றைச் சாபம் என்று கோத்துவிட்டால், அந்தச் சமஸ்தானத்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். என் வருத்தம் அதில்தான்.

1806இல் நெப்போலியனோடு சேர்ந்துகொண்டதற்குப் பரிசாகவே ஹெஸ்ஸனை ஆண்டவர் கிராண்ட் டியூக் என்ற உயர்ந்த பட்டம் பெற்றார். முதலாம் லுட்விக் என்று பெயர் சூடிக்கொண்டார். நெப்போலியன் வீழ்ந்தபின் மைன்ஸ் பகுதியும் அவர் கைக்கு வந்தது. 1820இல் அரசியல் சாசனம் அளித்தார். டார்ம்ஷ்டாட்டின் லூயிசன் சதுக்கத்தில் உயரமான தூண்மேல் நிற்பவர் அவர்தான்.

சாசனம் வந்தும் குடியானவரின் பாரம் குறையவில்லை. 1830இல் மேல் ஹெஸ்ஸனில் விவசாயிகள் கிளர்ந்தார்கள்; படையை அனுப்பி அடக்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து கேயோர்க் ப்யூக்னர் என்ற இருபது வயது மருத்துவ மாணவர் ஒரு துண்டறிக்கை எழுதினார். பெயர் ‘ஹெஸ்ஸன் நாட்டுத் தூதன்’. ‘குடிசைகளுக்குச் சமாதானம், அரண்மனைகளுக்குப் போர்!’ என்ற முழக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதிலுள்ள கணக்கு. ஏழு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் ஆண்டுக்கு அறுபது லட்சம் குல்டனுக்கு மேல் அரசுக்குச் செலுத்துகிறார்கள் என்று தொடங்கி, அந்தப் பணம் எந்தத் துறைக்கு எவ்வளவு போகிறது, அதற்கு உழவன் பெறுவது என்ன என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரத்தையே எடுத்து வைத்துக் கேட்கிறது. ஏழைக்கு ஏழையின் வரவுசெலவைக் காட்டிய எழுத்து அது. அச்சிட உதவிய பாதிரியார் வைடிக் டார்ம்ஷ்டாட் சிறையில் சித்திரவதைப்பட்டு 1837 பிப்ரவரியில் இறந்தார். ப்யூக்னர் எல்லை தாண்டித் தப்பினார். வைடிக்குக்கு நான்கு நாள் முன்னதாக ஸூரிக்கில் காய்ச்சலில் மாண்டார். வயது 23.

அலெக்ஸாந்திராவின் இன்னோர் அண்ணன் எர்ன்ஸ்ட் லுட்விக் 1892இல் ஆட்சிக்கு வந்தார். தங்கையின் நிழலில் அவர் மறைந்துபோவது அநியாயம். 1899இல் வியன்னாவிலிருந்து கட்டடக் கலைஞர் ஓல்ப்ரிஹ், அவரோடு பேட்டர் பெஹ்ரன்ஸ் முதலானோரை அழைத்து மத்தில்டன்ஹோஹெ குன்றில் கலைஞர் குடியிருப்பை அமைத்தார். 1901 கண்காட்சியில் வீடுகளே காட்சிப்பொருள்கள்: கட்டடம், நாற்காலி, தட்டு, கரண்டி, எல்லாம் ஒரே கையின் வடிவமைப்பு. நாட்டின் கைத்தொழில் வளர வேண்டும், அதற்குக் கலை துணைநிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஐந்து விரல்கள் போன்ற முகடுள்ள திருமணக் கோபுரம் 1908இல் முடிந்தது. அவருடைய இரண்டாம் திருமணத்துக்கு நகரம் அளித்த பரிசு அது. பக்கத்திலேயே, தங்கையின் கணவர் ஜார் நிக்கலாஸ் எழுப்பிய ரஷ்ய தேவாலயமும் இருக்கிறது.

1918 ஜூலையில் ரஷ்யாவில் தங்கை அலெக்ஸாந்திராவும் தமக்கை எலிசபெத்தும் கொல்லப்பட்டனர். நவம்பரில் எர்ன்ஸ்ட் லுட்விக்கும் பதவி இழந்தார். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. அவர் ஆதரவில் தத்துவ அறிஞர் கைசர்லிங் தொடங்கிய ‘ஞானப் பள்ளி’க்கு 1921இல் தாகூர் வந்திருக்கிறார்.

டார்ம்ஷ்டாட்டின் மிகப் பெரிய சாவு அரச குடும்பத்தில் நிகழ்ந்ததல்ல. 1944 செப்டம்பர் 11 இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. நகரின் மையம் ஏறக்குறைய முழுதும் எரிந்தது. 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். போருக்குப் பின் உருவான ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு வீஸ்பாடன் தலைநகரானது. ப்யூக்னரைப் பிடிக்க அறிவிப்பு வெளியிட்ட அதே டார்ம்ஷ்டாட்டில்தான் இன்று ஜெர்மன் இலக்கியத்தின் உயரிய விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

அலெக்ஸாந்திராவின் கடிதங்களுக்கு முன் அந்தத் துண்டறிக்கையை வாசியுங்கள். எட்டே பக்கம்தான்.

அன்புடன்.