சாயம் போகும், உப்பு போகாது

சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்களிடம் சீமைக்கருவேலக் கரி நிறைய இருக்கிறது, சிரட்டையும் கிடைக்கும். இதை ஆக்டிவேட்டட் கார்பன் ஆக்கி, பரமக்குடியில் மச்சான் நடத்தும் சாயப்பட்டறைக் கழிவுநீரையும் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரையும் சுத்தம் செய்யலாமா?"

கிணற்றை முதலில் முடித்துவிடுகிறேன், நடக்காது. சாயம், நாற்றம், குளோரின், பூச்சிமருந்து இதையெல்லாம் கரி பிடித்துக்கொள்ளும்; கரைந்த உப்பு அதில் நிற்காது, அதற்கு ஆர்ஓ தான்.

சாயத்துக்கு வருவோம். ஆக்டிவேட்டட் கார்பன் என்றால் உள்ளே நுண்துளைகள் ஏராளமாகத் திறந்துவிடப்பட்ட கரி; சாயம் ஒட்டுவது அந்தத் துளைகளின் சுவரில். மூட்டத்துக் கரியை இடித்துப் போட்டாலும் கொஞ்சம் நிறம் குறையும், ஆனால் துளைகள் போதாது, இருப்பதிலும் தார் அடைத்திருக்கும். அதை 800 முதல் 900 டிகிரி செல்சியஸில் வைத்து நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே குடைந்துகொண்டு போகும். ஒரு கிராமுக்குள் 500 முதல் 1,500 சதுர மீட்டர் பரப்பு வருவது அப்படித்தான். கூடவே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். ஒன்று வெடிக்கும், மற்றது வாசனையே காட்டாமல் ஆளைக் கொல்லும். வீடியோ பார்த்துவிட்டு டிரம்மில் குழாய் சொருகிச் செய்கிற வேலை இல்லை இது, தயவுசெய்து இறங்காதீர்கள்.

சின்ன அளவில் பார்க்க பாஸ்பாரிக் அமில முறை உண்டு. ஆனால் அதற்கு உங்கள் கரி உதவாது, கரியாகாத, நன்றாகக் காய்ந்த மரத்தூள்தான் வேண்டும், ஏனென்றால் அமிலம் வேலை செய்வது மரத்தின் செல்லுலோஸிலும் லிக்னினிலும். மூட்டத்தில் அதெல்லாம் போய்விட்டது. சீமைக்கருவேலத் தூளே நல்லது. சிரட்டைக் கரியின் துளைகள் ரொம்பப் பொடிசு, பெரிய சாய மூலக்கூறுகள் நுழையத் திணறும். தூளின் எடைக்குச் சமமாக அமிலம் சேர்த்து ஊறவைத்து, உலர்த்தி, மூடிய பீங்கான் பாத்திரத்தில் 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் அரித்துவிடும். சூடு இந்த அளவில் நிற்க வெப்பமானி உள்ள உலை வேண்டும், ஆகவே பக்கத்துப் பொறியியல் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் 7 பக்கம், அதாவது நடுநிலைக்கு, வரும்வரை கழுவுங்கள், கழுவிய தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறியுங்கள்.

பட்டறைத் தண்ணீரை நாலு பாட்டிலில் ஒரு லிட்டர் வீதம் பிடித்து, ஒன்றில் கரி போடாமல், மற்றவற்றில் 1, 2, 5 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். நிறம் போக எவ்வளவு கரி தேவைப்படும் என்று தெரியும், செலவு கட்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிமுறையில் பிணைகிற சாயம்) ஏற்றும்போது உப்பை அள்ளித்தான் போடுவார்கள். நிறம் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தாலும் அந்த உப்பு அப்படியே இருக்கும், அதை ஊருணிப் பக்கம் விட்டுவிட வேண்டாம். சாயம் குடித்த கரியையும் அடுப்பில் போடாமல், வயலில் கொட்டாமல், மூடி வைத்து அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.