மாணவர் மனநலம்: மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி (திருச்சி, பொறியியல் மாணவர்): அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: மருத்துவமனை தெரிவிக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 23ஆம் பிரிவின்படி உங்கள் நோய், சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காப்பது அதன் கடமை. உயிராபத்து, நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகள் உண்டே தவிர, கல்லூரி நிர்வாகம் கேட்டது என்பது அவற்றுள் இல்லை. அப்படியிருந்தும், புறநோயாளிச் சீட்டில் துறையின் பெயர் உள்ள பகுதியை உட்புறமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே அறையைவிட்டு வெளியேறும் மாணவர்களை அடிக்கடி காண்கிறேன். மாத்திரை தரப்பட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (கோவை, மாணவி): வரன் பார்க்கிறார்கள். சிகிச்சை பெறுவது வெளியே தெரியுமா?

பதில்: மேலுள்ள பதிலே உங்களுக்கும். இதையே கேட்டுள்ள மற்றவர்களும் அதைப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி (நாமக்கல், ஆசிரியர்): ஆண்டுதோறும் உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பேரணி நடத்துகிறோம். பயனுண்டா?

பதில்: பேரணியால் பிள்ளைகளுக்கு வெயில்தான் மிச்சம். அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் காரிகன் குழுவினர் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, பெரியவர்களின் தப்பெண்ணத்தைக் குறைப்பதில் நோயிலிருந்து மீண்டவர்களைச் சந்திப்பதும், வளரிளம் பருவத்தினரிடம் பாடமாகக் கற்பிப்பதும் கூடுதல் பலன் தருகின்றன. ஆகவே இரண்டு வாரங்களுக்கு மேல் நீளும் துயரத்தையும் உறக்கக்கேட்டையும் எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் சொல்வது என்பதை வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (சென்னை, வாசகர்): இதை ஏற்க முடியவில்லை. மீண்டவர் ஒருவரை நேரில் கண்டால் வரும் மாற்றம் பாடத்தில் வருமா?

பதில்: சந்திப்பை நான் மறுக்கவில்லை, இளையோரிடத்தும் அது பயன் தருவதாகவே அதே ஆய்வு கூறுகிறது. எது முதலில் என்பதே கேள்வி. பாடமே நடத்தாத பள்ளியில் ஒருவரை மேடையேற்றி, அரைமணி நேரம் கண்கலங்க வைத்து அனுப்பினால், பிள்ளைகளின் மனத்தில் அவருடைய நோய் மட்டுமே தங்கும். பாடத்துக்குப் பிறகு அழையுங்கள். தம் வேலையையும் குடும்பத்தையும் பற்றியும் அவர் பேசட்டும்.

கேள்வி (நாமக்கல் ஆசிரியரே): “கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்” என்ற கேலியை வகுப்பில் எப்படி நிறுத்துவது?

பதில்: முதலில் ஆசிரியர்கள் அறையில் நிறுத்துங்கள். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு இன்று வருவோரில் பெரும்பாலோர் மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள். இதையும் மாணவர்களிடம் சொல்லலாம்.

கேள்வி (பெயர் வேண்டா): மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

பதில்: இங்கே விடை கிடையாது. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள். அவரை உடனே அணுக இயலாவிடில் 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டா.