சிறிய யார்டுக்குப் பொருத்தமான ஷன்டிங் இன்ஜின் மாதிரி எது?

கேள்வி: ஓஓ அளவில், அதாவது நிஜத்தில் 76இல் ஒரு பங்காக, 1950களின் வட இங்கிலாந்துச் சரக்கு யார்டு ஒன்றை மாதிரி ரயில் அமைப்பாக உருவாக்கி வருகிறேன். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் 'பக்' எனப்படும் நான்கு சக்கர நீராவி இன்ஜின், நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயில் உருவான ஆறு சக்கர ஜே72 ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்? சிறிய இன்ஜின்கள் பாயிண்ட்களின் (தண்டவாளம் பிரியும் இடங்களின்) மேல் நின்றுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இரண்டும் யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷன்டிங் இன்ஜின்களே என்றாலும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை அல்ல. எனவே உங்கள் யார்டு துறைமுகத்தை ஒட்டியதா, ஊர் நடுவே உள்ள சரக்கு நிலையமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். துறைமுகம் என்றால் பக். மற்ற எந்த இடம் என்றாலும் ஜே72 என்பதே என் பரிந்துரை.

லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் பொறியாளர் ஜான் ஆஸ்பினாலின் வடிவமைப்பில், 1891 முதல் 1910 வரை, அதன் ஹார்விச் பணிமனையில் 57 பக் இன்ஜின்கள் கட்டப்பட்டன. லிவர்பூல், கூல், ஃபிளீட்வுட் ஆகிய துறைமுகங்களில், கிடங்குகளுக்கு நடுவே நெருக்கி வளைத்துப் போடப்பட்ட தண்டவாளங்களில் ஓட வேண்டியிருந்ததால், இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 5 அடி 9 அங்குலம் மட்டுமே. கொதிகலனின் மேலேயே தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்ததும், பக்கவாட்டில் இடத்தை அடைக்காமல் சக்கரங்களின் மேல் எடையை ஏற்றுவதற்காகத்தான். முன்னும் பின்னும் சுருள்வில் பொருத்திய மோதுதாங்கிகளுக்குப் பதிலாகப் பெரிய மரக்கட்டைகள் இருந்தன. கூர்மையான வளைவில் வேகன்களின் மோதுதாங்கிகளோடு அவை சிக்கிக்கொள்வதில்லை. வாங்கும் மாதிரியில் இந்தக் கட்டைகள் சரியான பருமனில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் பக்கின் முகமே அதுதான்.

ஜே72இன் வரலாறு பிரிட்டிஷ் ரயில்வே வரலாற்றிலேயே விசித்திரமானது. பொறியாளர் வில்சன் வொர்ஸ்டெல் 1898இல் வடிவமைத்த இந்த இன்ஜினை நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கட்டியது. 1923இல் பல ரயில்வேக்களை இணைத்து எல்என்இஆர் (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) உருவான பிறகு அதுவும் கட்டியது. நாட்டுடைமையான பின் பிரிட்டிஷ் ரயில்வேஸ், டீசல் ஷன்டிங் இன்ஜின்கள் வரத் தொடங்கிவிட்ட காலத்தில், 1949 முதல் 1951 வரை மேலும் 28 இன்ஜின்களைக் கட்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமின்றி மொத்தம் 113. பொறியாளர்கள் புதுமையை விரும்பாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். யார்டு வேலைக்கு அதைவிடச் சிக்கனமான ஒன்றை யாரும் காட்டவில்லை என்பதே என் கருத்து.

வண்ணத்தில் கவனமாக இருங்கள். நியூகாசில், யார்க் நிலையங்களில் வேலை செய்த இரண்டு ஜே72களுக்கு மட்டும் 1960இல் பழைய நார்த் ஈஸ்டர்ன் பச்சை வண்ணம் பூசப்பட்டது. கண்ணைப் பறிக்கும் அந்தப் பதிப்பு உங்கள் 1950களின் யார்டில் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது கறுப்பு வண்ணமும், 68670 முதல் 68754 வரையிலோ 69001 முதல் 69028 வரையிலோ அமைந்த எண்ணும்தான். 1956க்கு முந்தைய காட்சி என்றால் சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் பழைய சின்னம் இருக்க வேண்டும்.

இனி பாயிண்ட் பற்றிய கேள்விக்கு வருவோம்; நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பல பாயிண்ட்களில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம் பிளாஸ்டிக்கால் ஆனதால் அங்கு மின்சாரம் பாயாது. ஓஓ அளவில் பக்கின் அச்சு இடைவெளி வெறும் 23 மில்லிமீட்டர். அதன் ஒரு பக்கத்துச் சக்கரம் ஒன்று பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும்போது, அதே பக்கத்து மற்றொரு சக்கரத்தின் அடியில் தூசு இருந்தால்கூட மின்சாரம் அறுந்து இன்ஜின் நின்றுவிடும். ஜே72இன் அச்சு இடைவெளி அதைவிட இரு மடங்குக்கும் மேல் என்பதாலும், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சக்கரங்கள் இருப்பதாலும் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. எடையும் சிறிய இன்ஜினுக்கு எதிராகவே நிற்கிறது. நிஜ பக் சுமார் 21 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 76இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது எடை ஏறத்தாழ 50 கிராமாகிவிடும். அழுக்குப் படலத்தை அழுத்தி மின்தொடர்பு பெற அது போதாது. ஆகவே உள்ளே ஈயமோ வேறு கனமான உலோகமோ நிரப்பப்பட்ட மாதிரியையே தேடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மின்சாரம் பாயும் குறுக்கிடம் கொண்ட பாயிண்ட்களை வாங்கிப் பதியுங்கள். இன்ஜினுக்காகச் செலவிடும் பணத்தைவிட அதில் செலவிடுவது பயன்தரும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஷன்டிங் என்பது ஏறத்தாழ மனிதன் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில் நடக்கும் வேலை. ஓஓ அளவில் இது நொடிக்கு 1.8 சென்டிமீட்டர், அதாவது ஒரு மீட்டரைக் கடக்க 55 நொடிகள் ஆக வேண்டும். இந்த வேகத்தில் துள்ளாமலும் திணறாமலும் ஓடாத மாதிரி, எத்தனை நுணுக்கமாக வண்ணம் பூசப்பட்டிருந்தாலும் உங்களுக்கு உதவாது. நான்கு சக்கர மாதிரிகளில் பொம்மைக்கான வேகமான கியர் பொருத்தப்பட்டவையும் இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பழைய ஜே72 மாதிரி என்றால், இரண்டாகப் பிளந்த சட்டகத்தின் வழியே மின்சாரம் எடுக்கும் வகையா என்று கேளுங்கள். அவ்வகையில் அரை அச்சுகளை இணைக்கும் பிளாஸ்டிக் குழல் நாளடைவில் விரிசல் விடும்.

வளைவையும் அளந்துகொள்ளுங்கள். 371 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு நிஜத்தில் 28 மீட்டர் ஆரத்துக்குச் சமம். பக் அதில் இயல்பாகத் தோன்றும். ஜே72க்கு 438 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வைத்தால் பார்வைக்கும் ஓட்டத்துக்கும் நல்லது. பின்னாளில் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற எண்ணினால், கட்டளைகளைப் பெற்று மோட்டாரை இயக்கும் டீகோடருடன், மின்சாரம் நொடிப்பொழுது அறுபடுவதைச் சமாளிக்கும் மின்தேக்கியையும் பொருத்த ஜே72இன் பக்கத் தொட்டிகளில் இடம் கண்டுபிடிக்கலாம். பக்கின் உடலில் அதற்கு இடம் காண்பது கடினம்.