ஜான் கசால் நடித்தது ஐந்தே படங்கள்தானா, அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஆமாம், முழுநீளப் படங்கள் ஐந்துதான். 1972 முதல் 1978 வரை வந்த அந்த ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றவை. அவற்றில் மூன்று படங்கள் அந்த விருதை வென்றன. கசாலுக்கு மட்டும் ஒரு ஆஸ்கார் பரிந்துரைகூட இல்லை. அநியாயம்தான்.

1935-இல் மாசசூசெட்ஸில் பிறந்து, நியூயார்க் நாடக மேடையில் வளர்ந்தவர். 'காட்ஃபாதர்' படத்தின் மாஃபியா குடும்பத்து மகன் ஃப்ரேடோவாகத்தான் பலருக்கும் தெரியும். இரண்டாம் பாகத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, தம்பி தன்னைத் தாண்டிப் போன ஆத்திரத்தைக் கொட்டுவாரே, அதைப் பாருங்கள். கோழையின் கோபத்தை அவ்வளவு கூச்சமில்லாமல் காட்ட நாயக நடிகர்கள் தயங்குவார்கள்.

அப்புறம் 'டாக் டே ஆஃப்டர்நூன்'. வங்கிக் கொள்ளையில் மாட்டிக்கொண்டதும், எந்த நாட்டுக்குத் தப்பலாம் என்று அல் பசினோ கேட்க, இவர் அமெரிக்க மாநிலமான "வயோமிங்" என்பார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை, அவரே சொன்னது!

நுரையீரல் புற்றுநோயோடு 'தி டீர் ஹன்டர்' படத்தில் நடித்தார். அப்போது அவருடைய துணை மெரில் ஸ்ட்ரீப்பும் அதில் உண்டு. படம் வெளிவருமுன், 1978 மார்ச்சில், 42 வயதில் இறந்தார்.