கடையில இருந்துகொண்டு ஈவ் ஒன்லைன் எண்ட விண்வெளிக் கணினி விளையாட்டில தாது தோண்ட எந்தக் கப்பல்?

தம்பி, உங்கட ரிற்றீவர் எண்ட தோண்டுற கப்பல் வெடிச்சுப்போச்சு, இனி எதை எடுக்கிறதெண்டு கேட்டிருந்தியள். திருநெல்வேலிக் கடையில ஆக்களைக் கவனிச்சுக்கொண்டு பத்து நிமிசத்துக்கு ஒருக்காத்தான் திரையைப் பாக்கிறதெண்டால் கவெற்றர் எண்ட தோண்டுற கப்பல் வேண்டாம். கூட அள்ளும், ஆனால் தாதுக் கிடங்கு சின்னன். கெதியா நிரம்பி, தோண்டுற லேசர் நிண்டுபோகும்.

ரிற்றீவரின்ர கிடங்குதான் பெரிசு. உங்கட ரிற்றீவர் வெடிச்சதுக்குக் காரணம், நீங்கள் பாதுகாப்பு அளவு 0.5 உள்ள மண்டலத்தில தோண்டினது. அங்க விளையாட்டின்ர பொலிஸான கொன்கோர்ட் பிந்தித்தான் வரும். அதுக்குள்ள மற்ற ஆட்டக்காரரின்ர கற்றலிஸ்ட் எண்ட சண்டைக் கப்பலுகள் கூட்டமா வந்து முடிச்சிடும். 0.8க்கு மேல போங்கோ. விளைச்சல் கூட்டுற மொடியூல் ஒண்டைக் கழட்டி, அடியைத் தாங்க உதவுற டமேஜ் கொன்ட்ரோல் பூட்டுங்கோ. அதுக்குப் பிறகும் பயமெண்டால் புரொக்கியூரர் கப்பலை எடுங்கோ; கிடங்கு குறைவு, கவசம் நல்லாத் தாங்கும்.

தோண்டுறதுக்குப் பெரிய தாதுக் கல்லாப் பிடியுங்கோ, லேசருக்கு ஒண்டாய். சின்னக் கல் கரைஞ்சால் நீங்கள் திரும்பி வரும்வரை லேசர் சும்மாதான் நிக்கும்.